நுரை இல்லை, வாடை இல்லை... பால் ஆலைத் தண்ணீரை நெல்லுக்குப் பாய்ச்சலாமா?

'தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றுப் பாசனத்தில் 3 ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம் எடுக்கிறோம். பக்கத்தில் இருக்கும் பால் பதப்படுத்தும் ஆலையில், தினமும் சுமார் 30,000 லிட்டர் சுத்திகரித்த தண்ணீரைக் குழாய் போட்டு எங்கள் வயலுக்கே தருவதாகச் சொல்கிறார்கள். உரச்சத்து உள்ள தண்ணீர், யூரியா செலவு மிச்சம் என்கிறார்கள். அதற்கு ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. நுரை இல்லை, வாடை இல்லை. ஆனால், வயலுக்கு நடுவில் இருக்கும் கிணற்றில்தான் வீட்டுக்குக் குடிதண்ணீர் எடுக்கிறோம். கையெழுத்துப் போடலாமா?'

– தென்காசி வட்டார வாசகர் ஒருவர்.

இந்தத் தண்ணீரை நெல்லுக்குப் பாய்ச்ச முடியும். ஆனால், இப்போது நீட்டப்படும் கடிதத்தில் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். நுரை, வாடை, தெளிவு ஆகிய மூன்றும் தண்ணீரில் கொழுப்பும் அழுகும் பொருளும் இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். தழைச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அம்மோனியா கொஞ்சமாகக் கரைந்திருந்தால் மூக்குக்குத் தெரியாது. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கண்ணாடி போன்ற தண்ணீரில் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா ஒளிந்திருக்கலாம்.

பால் ஆலைத் தண்ணீரில் தழைச்சத்து எங்கிருந்து வருகிறது? முதல் வழி பால்தான். ஒரு லிட்டர் பாலில் 30 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. அதில் நைட்ரஜன் மட்டும் சுமார் 5 கிராம். கேன் கழுவும்போதும், குழாய் மாற்றும்போதும், பாக்கெட் கிழியும்போதும் நாளைக்கு 100 லிட்டர் பால் சாக்கடைக்குப் போனால், அரை கிலோ நைட்ரஜன் போகிறது. ஏறக்குறைய ஒரு கிலோ யூரியாவுக்குச் சமம். இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. பால் குழாய்களையும் டேங்குகளையும் கழுவ முதலில் காஸ்டிக் சோடாவும், பால் உப்புப் படிவத்தைக் கரைக்கப் பிறகு நைட்ரிக் அமிலமும் பயன்படுத்துவது பால் ஆலைகளில் வழக்கம். அந்த அமிலத்தில் இருக்கும் நைட்ரேட் அப்படியே கழிவுநீரில் சேர்கிறது.

ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது எந்திரம் அல்ல, பாக்டீரியா. புளோயர் காற்றை ஊத, தொட்டியில் பழுப்பு நிறச் சேறு சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சேறு முழுக்க உயிர். 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. இன்றும் உலகம் முழுக்க இதுதான் அடிப்படை. சேற்றில் இருக்கும் பெரும்பான்மை பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையையும் கொழுப்பையும் புரதத்தையும் தின்று தீர்க்கின்றன. தண்ணீர் தெளிவது இதனால்தான். பி.ஓ.டி. என்று ஆலைக்காரர்கள் சொல்லும் எண் இறங்குவதும் இதனால்தான். ஆனால், புரதத்தைத் தின்ற பாக்டீரியா அதிலிருக்கும் நைட்ரஜனில் தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அம்மோனியாவாக வெளியே தள்ளுகிறது. அதாவது, தண்ணீர் தெளியத் தெளிய அம்மோனியா கூடிக்கொண்டுதான் போகும். வாசகர் பார்த்த தண்ணீர் இந்தக் கட்டத்தோடு நின்றுபோன தண்ணீராகவும் இருக்கலாம்.

அடுத்த கட்டத்தைச் செய்வது வேறு கூட்டம். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றன. நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட் ஆக்குகின்றன. வயல் மண்ணிலும் இதே வேலையைச் செய்பவை இவைதான். 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இவற்றைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இவை சாது. மெதுவாகப் பெருகும். சர்க்கரை தின்னும் கூட்டம் சில மணி நேரத்தில் இரண்டு மடங்காகும் என்றால், இவற்றுக்கு ஒரு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். தொட்டியிலிருந்து சேற்றை அடிக்கடி வெளியேற்றினால், பெருகுவதற்குள் இவை கழுவிக்கொண்டு போய்விடும். காற்று குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பதும் இவைதான். ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க நாலரை கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்க ராத்திரியில் புளோயரை நிறுத்தும் ஆலையில் பி.ஓ.டி. எப்படியாவது இறங்கிவிடும், அம்மோனியா இறங்காது.

குற்றால மலையடிவாரத்துக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது 7 கிலோவுக்கு மேல் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான காரத்தன்மை கரைந்துபோகும். மேற்கு மலையிலிருந்து வரும் தண்ணீர் மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். ஆனால், அதில் அமிலத்தைத் தாங்கும் சுண்ணாம்புச் சத்து குறைவு. அப்படிப்பட்ட தண்ணீரைப் பயன்படுத்தும் ஆலையில் பாக்டீரியா வேலையை ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பி.ஹெச். சரிந்து, 6.5-க்குக் கீழே போனதும் வேலை படுத்துவிடும். காஸ்டிக் சோடா கழுவல் ஓரளவுக்கு ஈடுகட்டும் என்றாலும், அதை நம்பியிருக்க முடியாது. ஒரு நேரம் காஸ்டிக், ஒரு நேரம் நைட்ரிக் அமிலம் என்று மாறி மாறி நேராகத் தொட்டிக்குள் வந்தால், முதலில் சாவது இந்தச் சாதுக்கள்தான். அதனால், இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஆறவைக்கும் ஒரு சமநிலைத் தொட்டி ஆலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, அம்மோனியா முழுக்க நைட்ரேட் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நைட்ரஜன் போய்விட்டதா என்றால், இல்லை. சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பார்க்கப்போனால் கிணற்றுக்கு அம்மோனியாவைவிட நைட்ரேட்தான் ஆபத்து. அம்மோனியாவை மண் பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரேட்டை விட்டுவிடும். அது தண்ணீரோடு நேராகக் கீழே இறங்கும். நைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து உண்மையிலேயே வெளியேற்ற மூன்றாவது கட்டம் வேண்டும். காற்றே இல்லாத தொட்டியில், தின்பதற்கு ஏதாவது கொடுத்து வைத்திருந்தால், சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசிக்கும். மிச்சமாகும் நைட்ரஜன் வாயுவாகக் குமிழிட்டுக் காற்றில் கலந்துவிடும். நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருப்பது அதே வாயுதான்.

இது நெல் விவசாயிக்குப் புதிய கதை அல்ல. தொழி உழுது தண்ணீர் கட்டிய வயலில், சேற்றின் மேல்பரப்பில் நகக்கண் அளவுக்குப் பழுப்பு நிறப் படலம் ஒன்று இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் கலந்த கறுப்புச் சேறு. மேல் படலத்தில் காற்று உண்டு, கீழே இல்லை. மேலே தூவிய யூரியா அம்மோனியாவாகி, பழுப்புப் படலத்தில் நைட்ரேட்டாகி, கீழே கறுப்புச் சேற்றுக்குள் இறங்கி, வாயுவாகிப் பறந்துவிடுகிறது. இந்தக் கணக்கை ஜப்பானில் ஷியோயிரி போன்ற மண்ணியலாளர்கள் 1930, 40-களிலேயே கண்டுபிடித்து, அம்மோனிய உரத்தை மேலே தூவாமல் சேற்றுக்குள் புதைத்து வைக்கச் சொன்னார்கள். விவசாயிக்கு நஷ்டமாகும் அதே வேலை, ஆலைக்கு லாபம். வயலில் எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ, அதைத்தான் ஆலைத் தொட்டியில் நடத்த வேண்டும்.

நல்ல ஆலைகளில் காற்றில்லாத தொட்டியை முதலில் வைத்து, காற்றுத் தொட்டியிலிருந்து நைட்ரேட் கலந்த தண்ணீரை அதற்குத் திருப்பி அனுப்புகிறார்கள். புதிதாக வரும் பால் கழிவே அங்கே தீனி. தனியாகச் சர்க்கரைப்பாகு வாங்கிக் கொட்டத் தேவையில்லை. வரும் தண்ணீரைப்போல மூன்று மடங்கைத் திருப்பினால், நைட்ரேட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை வெளியேற்றலாம். இரண்டு தொட்டி கட்ட இடமில்லாத சின்ன ஆலைகளில், ஒரே தொட்டியில் புளோயரைக் குறிப்பிட்ட நேரம் ஓடவிட்டு, குறிப்பிட்ட நேரம் நிறுத்தியும் இதைச் செய்கிறார்கள். ஆலைக்குப் போகும்போது, 'காற்றில்லாத கட்டம் எது?' என்று மட்டும் கேட்டால் போதும். கைகாட்ட ஒரு தொட்டியோ, சொல்ல ஒரு நேரக் கணக்கோ இல்லையென்றால், அந்த மூன்றாவது கட்டத்தை வாசகரின் வயல்தான் செய்யப்போகிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளமும் உண்டு. கடைசியில் இருக்கும் தெளிவுத் தொட்டியில் அடியில் படிய வேண்டிய சேறு, குமிழோடு கட்டி கட்டியாக மேலே மிதந்தால், நைட்ரேட் நிறைய மிச்சமிருக்கிறது, அது தப்பான இடத்தில் வாயுவாகிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இப்போது அந்தச் சம்மதக் கடிதத்துக்கு வரலாம். ஆலைகள் ஏன் விவசாயியின் கையெழுத்தைத் தேடி வருகின்றன?

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-ன் 6-வது அட்டவணையில், எந்த ஆலையும் வெளியேற்றும் தண்ணீரில் எது எவ்வளவு இருக்கலாம் என்ற பொது அளவுகோல் இருக்கிறது. ஆறு, குளம் போன்ற உள்நாட்டு நீர்நிலை, பொதுச் சாக்கடை, பாசன நிலம், கடல் என்று நான்கு கட்டங்கள். ஆற்றில் விட்டால் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கெல்டால் நைட்ரஜன், அதாவது அம்மோனியாவும் புரத நைட்ரஜனும் சேர்ந்தது, 100-ஐத் தாண்டக் கூடாது. நைட்ரேட் நைட்ரஜன் 10. பாசன நிலத்துக்கான கட்டத்தில் இந்த மூன்றுக்கும் எண்ணே கிடையாது. காலி. பி.ஓ.டி.யும் ஆற்றுக்கு 30 என்றால், பாசன நிலத்துக்கு 100 வரை போகலாம். பால் ஆலைகளுக்கென்று உள்ள தனி அளவுகோலும் பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், எண்ணெய்-கொழுப்பு போன்றவற்றைத்தான் கணக்கில் எடுக்கிறது.

பயிர் தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்ற எண்ணத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கலாம். எண்ணம் தப்பில்லை. ஆனால், எத்தனை ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்ற கேள்வி இல்லாமல் அந்த எண்ணத்துக்குப் பொருள் இல்லை. சிற்றாற்றில் விடக் கூடாத தண்ணீரை வரப்புக்கு உள்ளே விட்டால் விதிப்படி சரியாகிவிடுகிறது என்பதுதான் இதில் இருக்கும் ஓட்டை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நினைத்தால் ஓர் ஆலையின் இசைவாணையில் தழைச்சத்துக்கும் வரம்பு போடலாம். போட்டிருக்கிறதா என்பதை அந்த ஆணையைப் பார்த்தால்தான் தெரியும். தினமும் எத்தனை ஆயிரம் லிட்டர், எங்கே விட வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். 'ஆலையின் சொந்த நிலத்தில்' என்று எழுதியிருந்தால், அடுத்தவர் வயலுக்குக் குழாய் போடுவதற்கு முன் ஆணையே மாற வேண்டும். ஆலை தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாரியத்திடமே நகல் கேட்கலாம்.

வாசகரின் 3 ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகும். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால், ஒரு தடவை கட்டும்போது 10 கிலோ நைட்ரஜன், அதாவது 22 கிலோ யூரியா வயலுக்குள் போகிறது. 100 மில்லிகிராம் இருந்தால் 44 கிலோ, ஏறக்குறைய ஒரு மூட்டை. இன்னொரு பக்கம் ஆலைக் கணக்கு. 30,000 லிட்டரில் 50 மில்லிகிராம் வீதம் நாளைக்கு ஒன்றரை கிலோ நைட்ரஜன். வருடத்துக்கு சுமார் 547 கிலோ. 3 ஏக்கருக்குப் பங்கு போட்டால் ஏக்கருக்கு 182 கிலோ. குறுகிய கால நெல்லுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 50 கிலோவுக்குள்தான். காரும் பிசானமும் சேர்ந்தாலும் 100 கிலோவைத் தாண்டாது. ஒரு பிடி யூரியாகூடப் போடாமல், தொழுவுரமும் வைக்காமல் விட்டாலே, 80 கிலோ மிஞ்சுகிறது. நெல் அதைக் கேட்காது. கரும்பச்சையாக வளர்ந்து, புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் கூப்பிட்டு, கதிர் முற்றும் நேரத்தில் சாய்ந்துவிடும். அதே தண்ணீர் லிட்டருக்கு மொத்த நைட்ரஜன் 20 மில்லிகிராமுக்குள் வந்தால், வருடத்துக்கு ஏக்கருக்கு 73 கிலோ. அது வரவேற்க வேண்டிய தண்ணீர். யூரியா செலவும் உண்மையிலேயே மிஞ்சும்.

ஆனால், வருடம் முழுக்க வயலுக்குத் தண்ணீர் வேண்டுமா? ஆலை 365 நாளும் ஓடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல், ஜூன் முதல் செப்டம்பர் வரை பல நாள்கள் மடையை அடைக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. அந்த நாள்களில் 30,000 லிட்டரும் எங்கே போகும்? வரப்பைத் தாண்டி வாய்க்காலுக்கு, அங்கிருந்து குளத்துக்கோ சிற்றாற்றுக்கோ. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. கீழே தூத்துக்குடி வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். நடுவில் இருக்கும் குளத்தில் மீன் குத்தகை எடுத்தவருக்கும் பாதிப்பு உண்டு. பி.ஹெச். 7 இருக்கும் தண்ணீரில், அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பாசி படர்ந்த குளத்தில் மத்தியான வெயிலில் பி.ஹெச். 9-ஐத் தொட்டால், அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும்.

மாசி, பங்குனியில் பிசான அறுவடை முடிந்து வயல் தரிசாகக் கிடக்கும் மாதங்கள்தான் கிணற்றுக்கு மோசமானவை. உறிஞ்சப் பயிர் இல்லை. காய்ந்த மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாகி உட்கார்ந்திருக்கும். முதல் மழைக்கு மொத்தமாகக் கீழே இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்குத் தளர்வே கிடையாது. நைட்ரஜனாகக் கணக்கிட்டால் அது 10 மில்லிகிராம்தான். இந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழந்து, உடம்பு நீலம் பாயும். 1945-லேயே அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் கோம்லி என்ற மருத்துவர் கிணற்று நீருக்கும் இதற்கும் உள்ள தொடர்பை எழுதிவைத்தார். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

கிணறு கெட்ட பிறகு யார் கெடுத்தது என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. தோல் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு குறிப்பிடப்படுகிறது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. வேலூர்ப் பக்கத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாகவும் அதில் இருக்கிறது. அங்கே முதல் குற்றவாளி உப்பும் குரோமியமும்தான். தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்க அம்மோனிய உப்பு போடுவதால் அம்மோனியாவும் கூடவே வந்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது பெரிய வெற்றிதான். ஆனால், தீர்ப்பு வந்த நாளில் அந்தக் கிணறுகள் ஏற்கெனவே போயிருந்தன.

ஆகவே, வாசகர் முதலில் செய்ய வேண்டியது, குழாய் வருவதற்கு முன்பே கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்து, தேதியோடு முடிவைப் பத்திரப்படுத்துவது. வயல் மண்ணையும் அப்படியே. பிறகு ஆலையிடம் கடந்த 12 மாத ஆய்வு முடிவுகளைக் கேட்கலாம். பி.ஹெச்., பி.ஓ.டி. மட்டும் போதாது. அம்மோனியா நைட்ரஜன், கெல்டால் நைட்ரஜன், நைட்ரேட் நைட்ரஜன், மின்கடத்தும் திறன், சோடியம் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். காஸ்டிக் சோடா பயன்படுத்தும் ஆலையில் சோடியத்தை மறந்தால், நாலைந்து வருடத்தில் மண் இறுகிக் களராகும். அது தனிக்கதை.

எண்கள் சரியாக இருந்தால் கடிதத்தை ஆலை எழுதியபடி ஏற்காமல், சில வரிகளைச் சேர்த்து வாங்க வேண்டும். வால்வு விவசாயியின் கையில் இருக்க வேண்டும். வேண்டாத நாளில் தண்ணீரைத் தேக்கிவைப்பது ஆலையின் பொறுப்பு, அதற்கான தொட்டி கட்டியிருக்க வேண்டும். மாதா மாதம் ஆய்வு முடிவு வர வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் ஆலை செலவில் கிணற்று நீர் பரிசோதனை நடக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை இருக்க வேண்டும். இந்த வரிகளைச் சேர்க்கத் தயங்கும் ஆலைக்குத் தேவை பாசனம் அல்ல, தண்ணீரைக் கொட்ட ஓர் இடம்.

பாய்ச்சும்போது ஒரு முறை ஆலைத் தண்ணீர், ஒரு முறை வாய்க்கால் தண்ணீர் என்று மாற்றிக் கட்டலாம். அம்பை 16 போன்ற குறுகிய கால ரகம் என்றால், கதிர் உருவாகும் பருவத்தோடு ஆலைத் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். மேலுரத்தை நாள் பார்த்துப் போடாமல், இலை வண்ண அட்டையில் 4-க்குக் கீழே போனால் மட்டும் போட்டால் போதும். தரிசு மாதங்களுக்காக அரை ஏக்கரில் கம்பு நேப்பியர் தீவனப்புல் வைப்பது நல்ல ஏற்பாடு. தழைச்சத்தை அது தின்பதுபோல வேறு பயிர் தின்னாது. பாலில் இருந்து போன நைட்ரஜன் புல்லாகி மறுபடியும் பாலாகத் திரும்புவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால், தழைச்சத்து அதிகம் குடித்த புல்லில் நைட்ரேட் சேரும். அதை மட்டுமே மாட்டுக்குப் போடாமல் வைக்கோலோடு கலந்து போட வேண்டும்.

'சின்ன அளவில் பனீர் தயாரிக்கிறோம். கழிவுநீர்த் தொட்டியில் ஊற்ற, பாட்டிலில் பாக்டீரியா விற்கிறார்கள். அதற்குப் பதிலாக ஜீவாமிர்தம் ஊற்றலாமா?'

– கடையநல்லூர் வாசகி ஒருவர்.

ஜீவாமிர்தத்தில் சாணமும் கோமியமும் வெல்லமும் பயறு மாவும் இருக்கின்றன. வயலுக்கு அது உணவு. கழிவுத் தொட்டிக்குக் கூடுதல் கழிவு. பாட்டில் பாக்டீரியாவை ஊற்றினாலும், காற்றும் காரத்தன்மையும் இல்லாத தொட்டியில் அது தங்காது. இரண்டும் இருந்தால், நன்றாக ஓடும் வேறொரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நாலு டிரம் சேறு வாங்கி ஊற்றுவதே மலிவு. தயிருக்கு உறை ஊற்றுவதுபோலத்தான். இதையெல்லாம்விட முக்கியம், பனீர் வடித்த தண்ணீரைத் தொட்டிக்கே விடாமல் இருப்பது. அதன் பி.ஓ.டி. லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கு மேல். புரதமும் அதில்தான் மிச்சமிருக்கிறது. அன்றன்றைக்கே மாட்டுத் தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கலந்துவிட்டால், தொட்டியின் சுமை பெரிய அளவில் குறையும்.

'ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. ரப்பர் பால் கடையும் தொழிற்சாலைத் தண்ணீரில் தழைச்சத்து அதிகம் என்கிறார்களே, தோட்டத்துக்கு விடலாமா?'

– செங்கோட்டை வாசகர் ஒருவர்.

ரப்பர் ஷீட் அடிக்கும் கூடம் என்றால் சமாளிக்கலாம். அங்கே பால் உறைய ஃபார்மிக் அமிலம் ஊற்றுவதுதான் வழக்கம். பாலை எந்திரத்தில் கடைந்து கெட்டியாக்கும் தொழிற்சாலை என்றால் யோசிக்க வேண்டும். பால் கெடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள், கடைந்த பாலில் அது 0.6 முதல் 0.7 சதவிகிதம் வரை இருக்கும். மிச்சப் பாலை உறையவைக்கக் கந்தக அமிலம். ஆகவே, கழிவில் அம்மோனியாவும் சல்பேட்டும் சேர்ந்தே வரும். காற்றில்லாத தொட்டியில் சல்பேட் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவாக மாறிவிடும். இத்தகைய அம்மோனியா மிகுந்த கழிவுக்கென்றே, தீனியும் அதிகக் காற்றும் கேட்காத அனமாக்ஸ் என்ற பாக்டீரியாவை நெதர்லாந்தில் பழக்கி எடுத்தார்கள். 2002-ல் ராட்டர்டாமில் முதல் பெரிய ஆலை ஓடத் தொடங்கியது. பக்கத்தில் அப்படி ஏதும் இல்லாத நிலையில், அம்மோனியா எண்ணைப் பார்க்காமல் ஒரு சொட்டுகூடத் தோட்டத்துக்கு விட வேண்டாம்.

'குற்றாலத்தில் சின்ன விடுதி இருக்கிறது. சுத்திகரித்த தண்ணீரைப் பின்னால் இருக்கும் 40 தென்னைக்கு விடுகிறோம். சீசனில் மட்டும் தண்ணீரில் அம்மோனியா வாடை வருகிறது. ஏன்?'

– குற்றாலம் வாசகர் ஒருவர்.

சாரல் அடித்த சனி, ஞாயிறில் விடுதி நிரம்பிவிடுகிறது. அம்மோனியா தின்னும் பாக்டீரியா அந்த வேகத்துக்குப் பெருகாது. மே மாதம் முழுக்கப் பட்டினி கிடந்த கூட்டத்துக்கு ஜூனில் திடீர் விருந்து வைத்தால் தாங்குமா? சீசனுக்கு மூன்று வாரம் முன்பே புளோயரை முழு நேரமும் ஓடவிட்டு, சேற்றை வெளியேற்றாமல் சேர்த்து, கொஞ்சம் சுண்ணாம்பும் கரைத்துவிட்டால் தாங்கும். தென்னைக்கு வருடத்துக்கு மரத்துக்கு 560 கிராம் தழைச்சத்து போதும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள தண்ணீர் என்றால், மரத்துக்கு நாளொன்றுக்கு 30 லிட்டரிலேயே அது கிடைத்துவிடும். ஆக, 40 மரத்துக்கு 1,200 லிட்டர். அதற்கு மேல் மரம் கேட்கும் தண்ணீரைக் கிணற்றிலிருந்து கொடுக்க வேண்டும். சீசனில் மிஞ்சும் விடுதித் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் மரம் தேட வேண்டும்.